ஒரே காலை நம்பும் விங்கர்: குறையைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

ஓரத்தில் ஆடும் தாக்குதல் வீரர்களான விங்கர்களில் இப்படி ஒருவர் அநேகமாக எல்லாக் கால்பந்து அணியிலும் இருப்பார். ஆட்டம் முழுக்க ஓடுவார். பந்து பறிபோனால் முதல் ஆளாகத் துரத்துவார், ஓரத் தற்காப்பாளரான ஃபுல்பேக்குக்குத் துணையாகப் பின்னால் இறங்குவார். ஆனால் அவர் காலுக்குப் பந்து போனதும் தாக்குதல் தேங்கிவிடும். நல்ல காலுக்கு மாற்ற ஒரு டச் (பந்தை ஒருமுறை தொடுவது), நிமிர்ந்து பார்க்க இன்னொரு டச். அதற்குள் எதிரணி வரிசை கட்டிவிடும். பந்து வந்த வழியே திரும்பிப் போகும்.

அப்படிப்பட்ட வீரரை வைத்திருக்கும் பயிற்சியாளருக்காக இதை எழுதுகிறேன். அந்த வீரரே படித்தாலும் சரிதான். எல்லா உதாரணத்திலும் அவரை வலது கால்காரராகவே வைத்துக்கொள்கிறேன். இடது கால்காரர்கள் பக்கங்களைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். சுலபத்துக்காக நல்ல காலைப் பழகிய கால் என்றும் மற்றதைப் பழகாத கால் என்றும் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உழைப்பு இந்தக் குறையை ஈடுகட்டாது. பெரும்பாலும் மறைத்து வைக்கும், சில நேரம் பெரிதாகவும் ஆக்கும். அதனால் கீழே உள்ள படிகளின் வரிசை முக்கியம். புதியவர்கள் பெரும்பாலும் ஐந்தாவது படியின் கடைசி வேலையை முதல் நாளே ஆரம்பிக்கிறார்கள்: பழகாத காலால் கோலை நோக்கி வரிசையாக ஷாட் அடிக்க விடுகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஆட்டத்தில் எதுவும் மாறாது.

தொடங்கும் முன் தேவையானவை

இரண்டு மூன்று ஆட்டங்களின் வீடியோ. கைபேசியில் எடுத்தது போதும், ஆனால் உயரமான இடத்திலிருந்து எடுத்திருக்க வேண்டும். தரைமட்டத்தில் நின்று எடுத்தால் வீரரின் உடல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது தெரியாது. நமக்கு வேண்டியது அதுதான்.

ஒரு சுவர், சில கோன்கள், நான்கைந்து பந்துகள்.

மனதில் பட்டதை மழுப்பாமல் சொல்லும் ஃபுல்பேக் ஒருவர். இரண்டாவது படி முழுக்க அவரை நம்பித்தான் இருக்கிறது.

காலமும் வேண்டும். போட்டித் தொடர் நடுவில், முக்கியமான ஆட்டத்துக்கு முந்தைய வாரம் இதை ஆரம்பிக்காதீர்கள். பழைய பழக்கம் கலைந்து புதியது படியாத ஒரு இடைக்காலம் வரும். அந்த நேரத்தில் வீரர் முன்பைவிட மோசமாகத் தெரிவார். தொடர் முடிந்த இடைவெளியிலோ அடுத்த தொடருக்கான தயாரிப்பிலோ தொடங்கினால் அந்தச் சரிவைத் தாங்கலாம்.

1. எங்கே இடிக்கிறது என்று எண்ணுங்கள்

வீடியோவைப் போட்டு, அவருக்குப் பந்து வந்த ஒவ்வொரு முறையும் நான்கு விஷயங்களைக் குறியுங்கள். முதல் டச் எந்தக் கால்? அந்த நொடியில் உடல் எந்தப் பக்கம் பார்த்திருந்தது? பந்தை விடுவதற்கு முன் எத்தனை டச்? கடைசியில் பந்து முன்னால் போனதா, பின்னால் போனதா, பறிபோனதா?

கிராஸையும் (ஓரத்திலிருந்து கோல் முன்னால் அனுப்பும் பந்து) ஷாட்டையும் மட்டும் எண்ணுவது வழக்கமான தவறு. அவை கண்ணில் படுவதால் எண்ணுகிறோம். ஒரு விங்கர் ஆட்டத்தில் ஷாட் அடிப்பது சில முறைதான், பந்தை வாங்குவதோ பல மடங்கு அதிகம். இழப்பு பெரும்பாலும் வாங்கும் இடத்தில்தான் நடக்கிறது. ஷாட் அடிக்கும் நிலைக்கே அவர் வந்து சேராததற்குக் காரணம் இரண்டு டச் முன்னால் இருக்கும்.

துரத்திப் பிடித்த பந்து, தடுத்த பாஸ், ஓடிய தூரம் ஆகியவற்றை இதே தாளில் எழுதாதீர்கள். எழுதினால் அவர் மொத்தத்தில் நன்றாக ஆடியதாகவே கணக்கு வரும். அது பொய்யில்லை, ஆனால் நாம் தேடுவதற்கு உதவாது.

அடுத்து ஒரு சின்னச் சோதனை. யாரும் அருகில் இல்லாமல், பத்து மீட்டர் தூரத்தில் நிற்கும் ஆளுக்குப் பழகாத காலால் தரையோடு பாஸ் கொடுக்கச் சொல்லுங்கள். பந்து ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் அவருக்கு நுட்பம் இருக்கிறது. நெருக்கடியில் அந்தக் காலை நம்ப மறுக்கிறார், அவ்வளவுதான். பந்து துள்ளியோ கோணியோ போனால் நுட்பமே இல்லை. முதல் வகைக்காரரை நான்காவது படியின் பின்பாதிக்கு நேராகக் கொண்டு போகலாம். இரண்டாம் வகைக்காரரைச் சுவருக்கு முன்னால் நிறுத்த வேண்டும். இருவரையும் ஒரே மாதிரிப் பயிற்றுவித்தால் ஒருவருக்குச் சலிப்பு வரும், இன்னொருவருக்கு அவமானம் வரும்.

2. எதிரணி ஃபுல்பேக்கின் கண்ணால் பாருங்கள்

ஒரு காலை மட்டும் நம்பும் விங்கரைத் தடுப்பது எளிது. டிஃபெண்டர் பந்தைப் பறிக்கவே வேண்டியதில்லை. ஒரு பக்கத்தை அடைத்து, மறுபக்கத்தைத் திறந்து வைத்தால் போதும்.

வலது கால்காரர் வலது ஓரத்தில் ஆடுகிறார் என்று வையுங்கள். எதிரே நிற்கும் இடது ஃபுல்பேக் ஓரக்கோட்டுப் பக்கமாக அரை அடி நகர்ந்து நிற்பார். விங்கர் உள்ளே வரத்தான் முடியும். உள்ளே ஓடும்போது அவருடைய வலது கால் கோல் இருக்கும் பக்கம், அதாவது டிஃபெண்டர் இருக்கும் பக்கம் இருக்கிறது. பந்தை அந்தக் காலிலேயே வைத்திருந்தால் எதிராளியிடம் நீட்டுவது மாதிரி. இடது காலுக்கு மாற்றினால் அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாது. எனவே நின்று, திரும்பி, பின்னால் பாஸ்.

அவர் எப்படியோ கோட்டோரம் தப்பினாலும், கிராஸ் வலது காலிலிருந்துதான் வரும் என்பது தெரிந்த விஷயம். ஃபுல்பேக் தன் இடது காலை அந்தப் பாதையில் நீட்டினால் முடிந்தது. அந்த இடத்தில் ஆடுபவர்கள் பெரும்பாலும் இடது கால்காரர்கள் என்பதால் அவருக்கு வசதியான காலும் அதுவே.

இனி வலது கால்காரர் இடது ஓரத்தில். டிஃபெண்டர் உள்பக்கத்தை அடைத்து, கோட்டோரம் வழிவிடுவார். விங்கர் வேகமாகக் கோல் கோடு வரை போவார். அங்கே இடது காலால் கிராஸ் போட வேண்டும். போடமாட்டார். பந்தை நிறுத்தி வலது காலுக்குத் திருப்புவார். இந்த ஒரு டச்சின் விலையை யாரும் சரியாகக் கணக்குப் போடுவதில்லை. பாக்ஸுக்குள், அதாவது கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பகுதிக்குள், ஸ்ட்ரைக்கர் ஓட்டத்தைச் சரியான நொடிக்குத் திட்டமிட்டு ஆரம்பித்திருப்பார். பந்து வராததால் அவர் நிற்க வேண்டும். டிஃபெண்டர்கள் பின்னோக்கி ஓடுவதை விட்டு, திரும்பி நின்று ஆளைப் பிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு கிராஸ் எவ்வளவு அழகாக வந்தாலும் நின்றுகொண்டிருப்பவர்களுக்கே வருகிறது.

இதைப் பலகையில் வரைந்து விளக்குவதைவிட, உங்கள் ஃபுல்பேக்கை அவருக்கு எதிரே நிறுத்துங்கள். ஒருவருக்கு ஒருவர், கொஞ்ச நேரம் ஆடட்டும். முடிந்ததும் ஃபுல்பேக்கிடம் கேளுங்கள்: “எப்போ முடிவு பண்ணினே?” அநேகமாகப் பதில், “பந்து அவன்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே” என்று இருக்கும். பயிற்சியாளர் பத்து முறை சொல்வதைவிடச் சக வீரர் ஒருமுறை சொல்வது உறைக்கும்.

இந்த இடத்தில் எப்போதும் ஒரு கேள்வி வரும்: நெதர்லாந்து விங்கர் ஆர்யன் ராபனும் ஒரே கால்காரர்தானே? ஆமாம். இடது காலை வைத்துக்கொண்டு வலது ஓரத்திலிருந்து உள்ளே வந்தே ஏராளமான கோல் அடித்தார். 2013 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் டோர்ட்முண்டுக்கு எதிராக 89ஆவது நிமிடத்தில் பேயர்ன் மியூனிக் அணிக்கு அவர் அடித்த வெற்றிக் கோலும் இடது காலால்தான். எந்தப் பக்கம் போவார் என்பது எல்லாருக்கும் தெரியும், எந்த நொடியில் போவார் என்பதுதான் தெரியாது. மெதுவாக வந்து, டிஃபெண்டரின் எடை ஒரு காலில் விழும்வரை காத்திருந்து, சட்டென்று வேகம் கூட்டுவார். நம் உழைப்பாளி விங்கரிடம் இல்லாதது அந்த வேக மாற்றம். அவர் ஏற்கெனவே முழு வேகத்தில் வந்து நிற்கிறார். கூட்ட எதுவும் மிச்சமில்லை.

3. எந்தப் பக்கம் ஆடவேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

காலைப் பழக்குவதற்கு முன் பக்கத்தை முடிவு செய்ய வேண்டும். ஏனென்றால் பக்கத்தைப் பொறுத்துப் பழகாத காலின் வேலையே மாறுகிறது.

வலது ஓரத்தில் ஆடினால் இடது காலிடம் நாம் கேட்பது மூன்றுதான்: நெருக்கடியில் பந்தை வாங்குவது, உள்ளே குட்டி பாஸ் கொடுப்பது, எப்போதாவது உள்ளே வந்து ஷாட்டோ நீளமான பாஸோ.

இடது ஓரத்தில் ஆடினால் இடது கால் கிட்டத்தட்ட எல்லாம் செய்ய வேண்டும். பந்தை வாங்கித் திரும்ப வேண்டும், கோட்டோரம் கொண்டுபோக வேண்டும், கோல் கோட்டிலிருந்து உள்ளே அனுப்ப வேண்டும். பதிலுக்கு உள்ளே வெட்டி வந்து வலது காலால் ஷாட் அடிக்கும் வாய்ப்பு கிடைக்கும். அந்த ஷாட் அவரிடம் உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அவரை இடது ஓரத்தில் வைப்பது வீண்.

டிரிபிளிங் (பந்தைக் காலோடு கொண்டுபோய் ஆளைத் தாண்டுவது) பெரிதாக இல்லாத, ஆனால் ஓடத் தயங்காத வீரருக்கு நான் பழகிய காலின் பக்கத்தையே சொல்வேன். இங்கிலாந்தின் டேவிட் பெக்காம் வலது ஓரத்தில் ஆடிய விதத்தைப் பாருங்கள். டிஃபெண்டரைத் தாண்டிப் போக அவர் அதிகம் முயன்றதில்லை. பந்தை அரை அடி பக்கவாட்டில் தள்ளி, அங்கிருந்தே முன்கூட்டி கிராஸ் போட்டார். தாண்டாமலேயே போடத் தெரிந்தால் பழகாத காலின் குறை பாதி மறையும்.

தற்காப்பையும் கணக்கில் எடுங்கள். சொந்தப் பாதியில் இடது ஓரக்கோட்டருகே வலது கால்காரர் மாட்டிக்கொண்டால், கோட்டோரமாக முன்னால் அடிக்க அவருக்கு இடது கால் வேண்டும். அது இல்லாததால் உள்ளே திரும்புவார். அங்கேதான் எதிரணியின் ஆள் காத்திருப்பார். அந்த இடத்தில் பறிபோகும் பந்து நேராக நம் கோலை நோக்கிப் போகும்.

இன்னொரு எச்சரிக்கை. இடது ஃபுல்பேக்கும் வலது கால்காரராக இருந்தால், இடது விங்கராக இன்னொரு வலது கால்காரரை எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். அந்த ஓரத்தில் பந்து கோட்டோரம் முன்னால் போகவே போகாது. எதிரணி பத்து நிமிடத்தில் அதைப் புரிந்துகொண்டு உள்பக்கத்தை மட்டும் காவல் காக்கும்.

4. பந்தை வாங்கும் டச்சைச் சரிசெய்யுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிகக் காலம் ஒதுக்க வேண்டும்.

வலது விங்கர் ஓரக்கோட்டுக்கு முதுகைக் காட்டி, மைதானத்தைப் பார்த்து நிற்கிறார். எதிரணி கோல் அவருக்கு வலது கைப்பக்கம். பந்து இடது முன்பக்கத்திலிருந்து வருகிறது. டிஃபெண்டர் தள்ளி நின்றால் பந்தைத் தன் முன்னால் ஓடவிட்டு, தூரத்தில் உள்ள வலது காலால் வாங்க வேண்டும். அந்த டச்சிலேயே முன்னால் திரும்பிவிடலாம். இது அவருக்கு இயல்பாக வரும்.

டிஃபெண்டர் ஒட்டி நின்றால் கதை வேறு. அப்போது வலது காலால் வாங்கினால் பந்து எதிராளியின் கால் எட்டும் இடத்தில் இருக்கும். கிட்ட உள்ள இடது காலால் வாங்கி, உடலை நடுவில் வைத்து மறைத்து, உள்ளே இருக்கும் மிட்ஃபீல்டருக்குத் தட்டிவிட வேண்டும். ஒரே காலை நம்புபவர் இங்கேயும் வலது காலை நீட்டுவார். பந்து போகும். பார்ப்பவர்கள் “உடல்வலு போதவில்லை” என்பார்கள். வலுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பயிற்சியின் வரிசை இது.

முதலில் சுவர். ஐந்து மீட்டர் தள்ளி நின்று, இடது காலால் வாங்கி, இடது காலாலேயே திருப்பி அனுப்ப வேண்டும். ஆரம்பத்தில் இரண்டு டச், சீரானதும் ஒரே டச். சுவர் என்பதால் பந்து உடனே திரும்பி வரும், வெட்கப்பட ஆளும் இல்லை.

பந்தை உதைக்கும் காலைவிட ஊன்றி நிற்கும் காலை அதிகம் கவனியுங்கள். இடது காலால் உதைக்கும்போது வலது கால்தான் ஊன்றி நிற்கிறது. அந்தக் கால் நிற்கப் பழகியதில்லை, எப்போதும் உதைத்தே பழகியது. அதனால் பந்துக்கு வெகு பின்னால் ஊன்றுவார், உடல் சாயும், பந்து மேலே எழும்பும். ஊன்றும் பாதம் பந்துக்குப் பக்கத்தில், பந்து போகவேண்டிய திசையைப் பார்த்து இருக்கட்டும். முழங்கால் லேசாக மடங்கட்டும். ஒற்றை வலது காலில் நின்றுகொண்டு, எதிரே ஒருவர் கையால் எறியும் பந்தை இடது உள்பாதத்தால் திருப்பி அனுப்பும் பயிற்சி இதற்கு நன்றாக உதவும். இந்த ஊன்றுகாலைச் சரிசெய்யாமல் “இன்னும் அடி, இன்னும் அடி” என்று எண்ணிக்கையைக் கூட்டுபவர்கள் தவறான அசைவையே மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள்.

அடுத்து ஒரு துணைவர். பந்தை அனுப்பும் அதே நேரத்தில் “ஆள்” அல்லது “திரும்பு” என்று கூப்பிட வேண்டும். “ஆள்” என்றால் இடது காலால் வாங்கி உள்ளே தட்ட வேண்டும். “திரும்பு” என்றால் வலது காலால் வாங்கி முன்னால் போக வேண்டும். காலைத் தேர்ந்தெடுக்கும் முடிவைப் பழக்குவதற்காக இது. குரலுக்குப் பழகியதும் குரலை நிறுத்திவிடுங்கள். பந்து வருவதற்கு முன் தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பார்த்து அவரே முடிவு செய்யட்டும்.

கடைசியாக உண்மையான டிஃபெண்டர். முதலில் ஒட்டி மட்டும் நிற்பார், பிறகு பறிக்கவும் செய்வார்.

இதெல்லாம் பயிற்சியின் தொடக்கத்தில், உடல் சூடேறியதும், பதினைந்து நிமிடம். உழைப்பாளி வீரர் எல்லாம் முடிந்தபின் தனியாக நின்று ஒரு மணி நேரம் செய்யத்தான் ஆசைப்படுவார். அனுமதிக்காதீர்கள். களைத்த கால் பழைய பழக்கத்துக்கே திரும்பும். பழகாத காலை ஒரே நாளில் அளவுக்கு மீறி உதைக்க வைத்தால் தொடை இடுக்கிலும் வலி வரும். கொஞ்சமாக, அடிக்கடி.

சிறு ஆட்டங்களில் “இன்றைக்கு எல்லாரும் இடது காலால் மட்டும்தான்” என்று விதி போடுவதை நான் விரும்புவதில்லை. விதிக்குப் பயந்து வீரர் பந்து வராத இடமாகப் பார்த்து ஒதுங்கக் கற்றுக்கொள்வார். அதற்குப் பதில், அவரைக் காக்கும் டிஃபெண்டரிடம் எப்போதும் கோட்டுப் பக்கத்தை அடைக்கச் சொல்லுங்கள். இடது கால் தேவைப்படும் சூழல் தானாக வரும்.

5. பாஸ், அப்புறம் கிராஸ், கடைசியில் ஷாட்

பாஸ் முதலில் வருவதற்குக் காரணம், ஆட்டத்தில் அதுதான் அதிகம் வேண்டியிருக்கிறது, சரியாக வந்ததா என்பதும் உடனே தெரியும். உள்பாதத்தால் எட்டு முதல் பன்னிரண்டு மீட்டர் வரை, தரையோடு. அதற்கு மேல் இப்போதைக்கு வேண்டாம்.

கிராஸ் என்றதும் தூக்கி அடிக்கும் கிராஸைக் கற்றுக்கொடுக்க ஆரம்பிக்காதீர்கள். பழகாத காலுக்கு அதுதான் மிகக் கடினம். கட்பேக்கைச் சொல்லிக்கொடுங்கள்: கோல் கோட்டருகே போய், பின்னோக்கிப் பெனால்டி புள்ளிப் பக்கமாகத் தரையோடு அனுப்புவது. அசைவு அவர் ஏற்கெனவே பழகிய உள்பாத பாஸ்தான். வாங்குபவர் பந்துக்குப் பின்னால் இருக்கும்வரை ஆஃப்சைடும் கிடையாது. டிஃபெண்டர்களோ தங்கள் கோலைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பார்கள்.

ஷாட்டும் அப்படியே. வேகம் வேண்டாம். உள்பாதத்தால் தூரத்துக் கம்பத்தை நோக்கித் தள்ளினால் போதும். கோல்கீப்பர் தட்டிவிட்டாலும் பந்து அந்தப் பக்கம் ஓடிவரும் நம் ஆளின் காலுக்கு வர வாய்ப்பு உண்டு.

பழகிய காலின் வெளிப்பாதத்தையும் சேர்த்துப் பழக்கலாம். 2018 உலகக் கோப்பையில் ஈரானுக்கு எதிராகப் போர்ச்சுகலின் ரிக்கார்டோ குவாரெஸ்மா வலது வெளிப்பாதத்தால் வளைத்து அடித்த கோல் பலருக்கு நினைவிருக்கும். நல்ல ஆயுதம்தான். ஆனால் வெளிப்பாதம் பாஸுக்கும் ஷாட்டுக்கும் மாற்றாகலாம். ஒட்டி நிற்கும் எதிராளியிடமிருந்து பந்தை மறைத்து வாங்க உதவாது. அதனால் நான்காவது படியைத் தாண்டிக் குதிக்க இதைச் சாக்காகப் பயன்படுத்த விடாதீர்கள்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? தென் கொரியாவின் சோன் ஹியுங்-மின் 2021-22 இங்கிலாந்து பிரீமியர் லீகில் அடித்த 23 கோல்களில் 12 இடது காலால் வந்தவை. இத்தனைக்கும் அவர் வலது கால்காரர். சிறுவயதிலிருந்தே தந்தையிடம் பெற்ற கடும் பயிற்சி அதற்குப் பின்னால் இருக்கிறது. வளர்ந்த வீரருக்கு அதை இலக்காக வைப்பது அநியாயம். டிஃபெண்டர் ஒரு பக்கத்தை அடைப்பதற்கு முன் அரை நொடி தயங்கினாலே போதும். சுவரில் முன்னேற்றம் சில வாரங்களில் தெரியும். ஆட்ட நெருக்கடியில் தெரிய மாதங்கள் ஆகும். இதை அவரிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள்.

6. ஓட்டத்தைக் குறையுங்கள்

பயிற்சியாளர்கள் இந்தப் படியில்தான் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ஓடும் ஒரே ஆளையும் ஓடாதே என்பதா?

காரணம் இரண்டு. ஒன்று, முன்பே சொன்ன வேக மாற்றம். எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுபவர் டிஃபெண்டரை ஏமாற்ற முடியாது. இரண்டாவது, களைப்பு. பழகாத காலைப் பயன்படுத்த நிதானமும் உடல் சமநிலையும் வேண்டும். அறுபது மீட்டர் பின்னால் ஓடி, திரும்ப அறுபது மீட்டர் முன்னால் ஓடி வந்தவரிடம் இரண்டும் இருக்காது. அவர் கால் தானாகப் போவது பழைய பழக்கத்துக்கு. உழைப்பு குறையைப் பெரிதாக்குகிறது என்று சொன்னது இதைத்தான்.

அதனால் ஓட்டத்துக்கு எல்லை வகுத்துக்கொடுங்கள். எதிரணி ஃபுல்பேக் பந்தைச் சரியாகக் கட்டுப்படுத்தாதபோது, அல்லது தன் கோலைப் பார்த்துத் திரும்பியபோது மட்டும் பாய்ந்து நெருக்க வேண்டும். மற்ற நேரத்தில் பாஸ் போகும் வழியை மறைத்து நின்றால் போதும். பின்னால் இறங்குவதற்கும் ஓர் எல்லை இருக்கட்டும்; சொந்த அணியின் கார்னர் கொடி வரை ஒவ்வொரு முறையும் அவர் வருகிறாரென்றால் ஃபுல்பேக் தன் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம். நம் சென்டர்பேக்கிடம் பந்து இருக்கும்போது அவர் நடக்கலாம். நடக்கவே வேண்டும்.

மிச்சமாகும் ஓட்டத்தை எங்கே செலவிடுவது? பாக்ஸுக்குள், தூரத்துக் கம்பத்தருகே. எதிர்ப்பக்கத்திலிருந்து கிராஸ் வரும்போது அங்கே ஓடிவந்து சேர டிரிபிளிங் வேண்டாம், இரண்டு கால் வேண்டாம், விடாமுயற்சி போதும். ஸ்ட்ரைக்கராக இருந்து லிவர்பூலில் வலது ஓரத்துக்கு மாறிய டிர்க் கௌட் இதற்குச் சரியான பாடம். 2011 மார்ச்சில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக அவர் அடித்த மூன்று கோல்களும் கோலுக்கு மிக அருகிலிருந்து வந்தவை. யாரையும் தாண்டவில்லை, போய்ச் சேர்ந்தார்.

7. மற்ற பத்துப் பேருக்கும் சொல்லுங்கள்

விங்கரைப் பழக்கிவிட்டு அணியிடம் சொல்லாமல் விடுவது நிறைய நடக்கிறது. மிட்ஃபீல்டர் எந்தக் காலுக்குப் பாஸ் கொடுக்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். டிஃபெண்டர் தள்ளி நிற்கிறாரா, பந்து விங்கருக்கு முன்னால் ஓட வேண்டும். ஒட்டி நிற்கிறாரா, இடது காலுக்கு. தவறான காலுக்குக் கொடுத்துவிட்டு அவரைத் திட்டுவது எல்லா அணியிலும் உண்டு.

ஃபுல்பேக்கின் ஓட்டமும் பக்கத்தைப் பொறுத்தது. விங்கர் பழகிய காலின் பக்கத்தில் அகலமாக நின்றால் ஃபுல்பேக் உள்பக்கமாக, அண்டர்லேப் ஓட வேண்டும். கோட்டுப் பக்கத்தை அடைத்து நிற்கும் டிஃபெண்டரின் முதுகுக்குப் பின்னால் அந்த இடம் திறந்திருக்கும். மறுபக்கத்தில் ஆடினால் வெளிப்பக்கமாக ஓவர்லேப். ஓவர்லேப் வராத நாளில் உள்ளே வெட்டும் விங்கர் இரண்டு பேருக்கு நடுவில் சிக்குவார்.

8. ஆட்ட நாளில் பார்க்க வேண்டியது

எதிரணி ஃபுல்பேக்கின் கண்ணைப் பாருங்கள். பந்து வருவதற்கு முன்பே அவர் ஒரு பக்கமாக நகர்ந்து நின்றுவிட்டால் நம் விங்கரைப் படித்துவிட்டார். உடனே இரண்டு விங்கர்களையும் பத்து நிமிடம் இடம் மாற்றுங்கள். மாற்றம் நிரந்தரமாக இருக்க வேண்டியதில்லை. ஃபுல்பேக் தன் கணக்கை மறுபடி போட வேண்டும், அதுவே லாபம்.

இரண்டு பேர் அவரை மறிக்க ஆரம்பித்தால் வருத்தப்படாதீர்கள். வேறெங்கோ ஓர் ஆள் காலியாக இருக்கிறார். பந்தை அங்கே மாற்றிவிடுங்கள்.

பழகாத காலால் செய்த முயற்சி தவறினால் ஓரத்திலிருந்து கத்தாதீர்கள். ஒரு கத்தலுக்கு மூன்று வாரப் பயிற்சி போய்விடும்.

9. விங் அவருக்கான இடமில்லை என்றால்

எல்லாம் செய்தபின்னும் வாங்கும் டச் தேறவில்லை என்றால் ஓரத்திலேயே ஓர் இடம் பின்னால் இறக்கிப் பாருங்கள். அந்தோனியோ வலென்சியா விங்கராக மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்து, பிறகு வலது ஃபுல்பேக்காக நிலைத்தார். விக்டர் மோசஸைப் பயிற்சியாளர் அந்தோனியோ கொந்தே 2016-17இல் செல்சியின் வலது விங்பேக் (ஓரம் முழுக்க முன்னும் பின்னும் ஓடும் தற்காப்பாளர்) ஆக்கினார், அந்த ஆண்டு அணி லீகை வென்றது.

இந்த மாற்றம் பலிப்பதற்குக் காரணம் இருக்கிறது. பின்னாலிருந்து வருபவர் பந்தை வாங்கும்போது முன்னோக்கியே பார்த்திருப்பார். முதுகில் ஆள் இருக்கமாட்டார். ஓவர்லேப் ஓடிப் போடும் கிராஸுக்குப் பழகிய கால் போதும். நீண்ட ஓட்டம் வேண்டும், அது அவரிடம் தாராளமாக இருக்கிறது.

பதினான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் மட்டும் இந்தப் படியை எடுக்காதீர்கள். அந்த வயதில் இரண்டு ஓரத்திலும் நடுவிலும் மாறி மாறி ஆடட்டும். காலைப் பழக்க அதைவிட நல்ல பருவம் கிடைக்காது.

பெரியவர் என்றால் இடமாற்றத்தைத் தண்டனையாகத் தோன்றாதபடி சொல்ல வேண்டும். நட்பு ஆட்டங்களில் பாதி ஆட்டம் மட்டும் அங்கே ஆட விட்டுப் பாருங்கள். எதிரணியின் மிக வேகமான விங்கருக்கு எதிராக முதல் நாளே நிறுத்த வேண்டாம்.

ஃபுல்பேக் இடத்திலும் பழகாத கால் ஓர் இடத்தில் மாட்டிவிடும். எதிர்ப்பக்கத்திலிருந்து கிராஸ் வந்து, நம் கோலுக்கு முன்னால் பந்து அவருடைய இடது காலில் விழும்போது, வலது காலுக்கு மாற்ற நேரமிருக்காது. மாற்றப் போனால் கோல். அதற்கு ஒரே கட்டளை: இடது காலால், எப்படி வந்தாலும் சரி, ஓரக்கோட்டைத் தாண்டி வெளியே அடி. த்ரோ-இன் எதிரணிக்குப் போகட்டும். இதற்கும் தனிப் பயிற்சி உண்டு: தூரத்துக் கம்பத்தருகே அவரை நிறுத்தி, எதிர்ப்பக்கத்திலிருந்து பந்துகளை எறியுங்கள். ஒரே டச்சில் இடது காலால் வெளியே அனுப்பட்டும். அழகு பார்க்க வேண்டாம், உயரமும் தூரமும் கிடைத்தால் போதும்.